மே மாதத்துப் பூஜ்யம்

அடிக்கக் கூடாது. கெண்டைக்காலில் வந்து உட்கார்ந்துவிட்டது, உட்கார்ந்த இடம் ஊசிமுனை அளவுக்குத் தெரிகிறது, கை தானாக எழுந்து பாதி வழிக்கு வந்துவிட்டது, ஆனாலும் அடிக்கக் கூடாது. இருளப்பன் கையை அடக்கிக்கொண்டு டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தார். தலையைக் குத்தி, வாலைத் தூக்கி, சுவரில் சாத்திவைத்த ஏணி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதேதான். சாக்கடைக் கொசு என்றால் படுத்தாற்போல உட்காரும். இப்படிச் சாய்ந்து உட்காருவது மலேரியாக் கொசு, அதிலும் குடிதண்ணீர்த் தொட்டியில் பிறந்து வளர்கிற டவுன் கொசு. கண்ணாடிக் குழாயை அதன் மேல் கவிழ்த்தார். அது கிளம்பி மேலே ஏறியதும் குழாய் வாயை விரலால் மூடி, பஞ்சை அடைத்து, பக்கத்திலிருந்த மரச்சட்டத்தில் செருகினார். ஒன்று. மணி ஆறு முப்பத்தேழு. பூச்சி சேகரிப்பாளர் என்பது அவருடைய பதவிக்குப் பெயர். பொழுது சாயும் நேரத்தில் குறித்துக் கொடுத்த வீட்டுக்குப் போய், பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, கடிக்க வருகிற கொசுவைக் கடிப்பதற்கு முன்னால் பிடித்து எண்ணிக்கை எழுதுவதுதான் வேலை. கொசு அடிக்காமல் இருப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான் என்று கல்யாணமான புதிதில் பொன்னுத்தாய் தன் அக்காமார்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரிக்கட்டும். முப்பத்தோரு வருஷம் இந்தக் காலைக் காட்டித்தான் அவளுக்குச் சோறு போட்டார். நாளைக்கு மே முப்பத்தொன்று, அவருக்கு அறுபது முடிகிறது, மூன்று மணிக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இன்றைக்கு இந்த வீட்டில் வந்து உட்காரச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. சொல்லப்போனால் உட்கார வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். மே மாதத்தில் யாரும் உட்காருவதில்லை. மே மாதத்துக்குப் பூஜ்யம்.

கத்திரி பூஜ்யம் என்று ஆபீசில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. பாறைப்பட்டணத்தில் மே மாதம் நாற்பத்திரண்டு டிகிரி அடிக்கும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது, புழு வெந்துபோகும், தப்பித்துப் பறந்த கொசுவும் இரண்டு நாளில் சுருண்டு விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இருளப்பன் ஒழுங்காக இருபது வீட்டில் இருபது நாள் போய் உட்கார்ந்தார். ஒன்றுகூட வரவில்லை, முக்காலி வேர்வையில் ஊறியதுதான் மிச்சம். அடுத்த வருஷம் சீனியர் ஒருவர் பார்த்துப் பரிதாபப்பட்டு, எதுக்குடா வெந்து சாகிற, பூஜ்யத்தைப் போட்டு அனுப்பு என்றார். போட்டு அனுப்பினார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இருபது தாளில் இருபது முட்டை, அரை மணி நேர வேலை. அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, போய் உட்கார்ந்திருந்தாலும் அதே பூஜ்யம்தான். இருபத்தேழு வருஷம் அது உண்மையாகவே இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் மாட்டியிருப்பார், மெமோ வாங்கியிருப்பார், திருந்தியிருப்பார். தாளின் அடியில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தக் கையெழுத்து. வேண்டாம், இப்போது அதை நினைக்க வேண்டாம், சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்காரன் கமாலுதீன் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறான், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நூற்றுச் சொச்சம் பாவாடை முடிக்க வேண்டும் என்று சொன்னான், நீலத் துணியின் கஞ்சி வாசனை இந்த உள்ளறை வரைக்கும் வருகிறது. மெஷின் நின்று நின்று ஓடுகிறது. இரண்டாவது வந்து கணுக்காலுக்கு மேல் உட்கார்ந்தது. இதுவும் ஏணிதான். குழாய், விரல், பஞ்சு, சட்டம். உயரத்தில் சின்ன ஜன்னல் ஒன்று, அதில் வானம் சிவந்து கிடந்தது. மூன்று வருஷமாக இப்படித்தான், பகலில் வெளுத்த பால் நிறம், சாயங்காலம் அரை மணி நேரத்துக்கு அப்படி ஒரு சிவப்பு. ஜனங்கள் மொட்டைமாடியில் ஏறிப் படம் பிடிக்கிறார்கள். வான்நிழல் என்று பெயர் வைத்தார்கள். பெரிய தேசங்கள் எல்லாம் சேர்ந்து விமானத்தை அனுப்பிப் பன்னிரண்டு மைல் உயரத்தில் கந்தகத் தூளைத் தூவி வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறார்களாம். பூமிக்குக் குடை பிடித்தாயிற்று என்று பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். நாற்பத்திரண்டு முப்பத்தெட்டாயிற்று. அதைக் குறைசொல்ல இருளப்பனுக்கு வாய் வராது. அதற்கு முந்தின வருஷம் தார் ரோடு போட்ட இடத்தில் ஒரு பெண்பிள்ளை சுருண்டு விழுந்ததை அவரே கண்ணால் பார்த்தார், அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். தொட்டபோது சுட்ட உடம்பு, ஆஸ்பத்திரி வாசலில் ஆறிவிட்டது. வெயில் கொன்றுகொண்டுதான் இருந்தது. குடை வந்த முதல் கத்திரியில் பொன்னுத்தாய்க்கு வேர்க்குரு இல்லை, அவரும் நிம்மதியாகத் தூங்கினார். ஊரே நிம்மதியாகத் தூங்கியது.

ஊரோடு சேர்ந்து கொசுவும் பிழைத்துக்கொண்டது. நாற்பத்திரண்டில் செத்தது முப்பத்தெட்டில் ஏன் சாகப்போகிறது, அதுவும் தொட்டி நிழலில், பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில்? அதற்கு இது ஊட்டி. இது தெரிய மேல்படிப்பா வேண்டும்? மூன்று, நான்கு, அடுத்தடுத்து வந்தன, நான்காவது சாக்கடைக் கொசு, அதைத் தனியாக வைத்தார். மேலே பார்த்தவனுக்குத்தான் படிப்பு அதிகம், கீழே குனிய முதுகு வளையவில்லை. போன வருஷம் ஜூன் முதல் வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. வாசித்த பூச்சியியல் அலுவலர் திலகராசனுக்கு வாயெல்லாம் பல். பூமி சூடானதால் கொசு நோய் பெருகியது, வான்நிழலால் சூடு தணிந்தது, ஆகவே கொசு நோய் தணியும். ஆகவே. அந்த ஆகவேயை எழுதியவன் கையில் கிடைத்தால் இந்த முக்காலியில் உட்காரவைத்துக் காலைத் திறந்துவிட வேண்டும். உலகத்துக்கு எல்லாம் ஒரே சூடா, ஒரே கொசுவா? மலைமேல் குளிரில் இருக்கிறவனுக்குச் சூடு ஏறினால் கொசு வரும், பாறைப்பட்டணத்தானுக்குச் சூடு இறங்கினால் கொசு வரும், இது கொசுவுக்குத் தெரிகிறது. சாட்சிக்கு அறிக்கையோடு ஒரு பட்டியலும் இணைத்திருந்தார்கள். பாறைப்பட்டணம், மே மாதம், மாதிரி வீடுகள் இருபது, பிடிபட்ட மலேரியாக் கொசு பூஜ்யம், வான்நிழல் வந்த இரண்டு வருஷமும் பூஜ்யம். இருளப்பன் ஃபேனுக்குக் கீழே போட்ட முட்டைகள் தலைநகரத்துக்குப் போய், அச்சாகி, கட்டம் கட்டித் திரும்பி வந்திருந்தன. அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா? திலகராசன் அவருக்கு வடை வாங்கிக் கொடுத்தான், நம்ம யூனிட் பேரு ஸ்டேட் லெவல்ல வந்துருக்குண்ணே என்றான், அவரும் வடையைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் வீடு வீடாகத் தொட்டியில் புழு பார்க்கப் போகிற பெண்கள் பதினெட்டு பேரை நிறுத்தினார்கள். காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு விரலில் குத்தி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பதையும் நிறுத்தினார்கள். இல்லாத கொசுவுக்கு எதற்கு ரத்தம் பார்ப்பது? கொசு பிடிக்கப் போகிறவர்களுக்குக் காய்ச்சல் வராமலிருக்க முன்கூட்டிக் கொடுக்கிற மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டார்கள், இப்போது இந்தக் காலுக்கு அதுவும் இல்லை. ஐந்து. மணி ஆறு ஐம்பத்திரண்டு. தொழுகைக்குப் போனவர்கள் தெருவில் பேசிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். ஜூன் கடைசியில் இந்த வீட்டில் காய்ச்சல் வந்தது.

ஹாஜிரா. பேரைச் சொல்லிவிட்டாயா, மீதியையும் சொல்லு. கமாலுதீன் பெண்டாட்டி ஹாஜிரா, இருபத்தாறு வயது, ஏழு மாதக் கர்ப்பிணி. நான்கு நாள் காய்ச்சலுக்கு நான்கு நாளும் பாராசிட்டமால் கொடுத்தார்கள். குளிர் போட்டு உதறுகிறது, மலேரியாவாக இருக்குமா பாருங்கள் என்று கமாலுதீன் கேட்டதற்கு, மலேரியா இல்லாத ஊரில் மலேரியா எப்படி வரும் என்று டாக்டர் சிரித்தாராம். சின்னப் பையன்தான் அந்த டாக்டரும், அவனைச் சொல்லி என்ன, அவன் மேஜைமேல் சுற்றறிக்கை இருந்தது, சுற்றறிக்கைக்குள் பூஜ்யம் இருந்தது. ஐந்தாம் நாள் நூறு கிலோமீட்டர் தள்ளி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே யாரோ ஒரு புண்ணியவாட்டி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்து, மலேரியா, மூளைக்கு ஏறிவிட்டது என்றாள். பொழுது விடிவதற்குள் தாயும் போய், வயிற்றில் இருந்ததும் போயிற்று. அதன் பிறகு நடந்ததுதான் இருளப்பனை இப்போதும் பல்லைக் கடிக்கவைக்கிறது. மலேரியா இல்லாத ஊரில் மலேரியாச் சாவு வந்துவிட்டதே, கூட்டம் போட்டார்கள், காப்பி குடித்தார்கள், வெளியூர்ப் பயணத்தில் தொற்றியது என்று எழுதி முடித்தார்கள். ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி எந்த வெளியூருக்குப் போனாள்? அவள் போன ஒரே வெளியூர் அந்த ஆஸ்பத்திரிதான். இந்த ஊரில் தொற்றவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமே, அதுவும் வைத்திருந்தார்கள். இறந்தவரின் வீடு மாதிரி வீடு எண் ஏழு, மே மாதக் கணக்கெடுப்பில் அங்கே ஒரு கொசுவும் இல்லை, வீட்டுக்காரரே கையொப்பமிட்டிருக்கிறார். ஆறு, ஏழு, எட்டு. மூன்றும் ஏணி. எட்டாவதன் மேல் குழாய் சரியாகக் கவிழவில்லை, கடித்துவிட்டது. கடிக்கட்டும். கடித்ததும் கணக்கில் சேர்த்தி. வீட்டுக்காரரே கையொப்பமிட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்து சட்டைப் பையில் இருக்கிறது, ஆபீஸ் பிரதி, இன்றைக்குக் காலையில் பழைய தாள்களின் கட்டுக்குள்ளிருந்து கிழித்து எடுத்தது. ஹாஜிரா என்று நீல மையில் சாய்த்து எழுதி அடியில் ஒரு கோடு. எழுதியது இருளப்பன். எல்லா மே மாதமும் எல்லா வீட்டுக்கும் அவரேதான் எழுதுவார், இருபது பேர் கையெழுத்தையும் இருபது விதமாகப் போடப் பழகியிருந்தார். அதில் ஒரு சின்னப் பெருமைகூட உண்டு, பெண்பிள்ளை கையெழுத்து என்றால் கொஞ்சம் சாய்க்க வேண்டும் என்று புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறார். என் வீட்டில் கொசு இல்லை என்று அந்தப் பெண் தன் சாவுக்குத் தானே சாட்சி சொல்லியிருக்கிறாள், இவர் கையால். அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது, அதை நினைக்காமல் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். போன வருஷம் ஏப்ரல் இருபத்தெட்டு, இதே முக்காலி, இதே அறை. ஏப்ரலில் உண்மையாகவே வந்து உட்கார்ந்தார். ஹாஜிரா வாசல்நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, மாடித் தொட்டியில நெளியுதுண்ணே, வெயில் வந்தும் சாகலையே, அடுத்த மாசம் வரும்போது மேல ஏறிப் பாக்குறீங்களா என்று கேட்டாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கத்திரி வரட்டும்மா, தானா செத்துப்போகும் என்றார். அனுபவஸ்தர் சொல்கிறார் என்று அவள் தலையை ஆட்டினாள். கண்ணால் பார்த்ததை அவள் சொன்னாள், இருபத்தேழு வருஷத்துக் கத்திரியை நீ சொன்னாய். ஜன்னலில் இருந்து வான்நிழலின் சிவந்த வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாய்.

ஒன்பது வந்து உட்கார்ந்தது. இதற்கெல்லாம் கோபப்பட உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார், கேட்டும் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. யோக்கியதை இல்லாதவனுக்குக் கோபம் வரக்கூடாதென்று யார் சொன்னது? நேற்று திலகராசன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பிரியமாகத்தான் பேசினான். இந்த மேயும் பூஜ்யம் போயிட்டா மூணு வருஷம் ஆயிரும்ணே, மலேரியா இல்லாத ஊருன்னு நிரந்தரச் சான்று குடுத்துருவாங்க, யூனிட்ட மூடிருவாங்க, எனக்கும் மாவட்டத் தலைமையிடத்துக்கு மாறுதல், நீங்க நல்லபடியா மாலையோட போங்க என்றான். போன வருஷம் அந்தச் சாவு என்று இவர் ஆரம்பித்ததும், அது வெளியூர் கேசு என்று உடனே முடித்துவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த வருஷம் ஒன்று என்று எழுதினாலும் போன வருஷம் எப்படிப் பூஜ்யம் என்று கேட்பார்கள், பழைய தாளையெல்லாம் எடுப்பார்கள், கையெழுத்தைச் சரிபார்ப்பார்கள், கடைசி நாளில் சஸ்பெண்ட் ஆனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாததா என்றான். தெரியும். மாலையை வாங்கிவைத்துவிட்டு மத்தியானம் உத்தரவு வந்த ஆள் ஒருவரை அவருக்கே தெரியும். அந்த மனுஷன் பத்து வருஷமாக ஓய்வூதியத்துக்குப் படியேறிப் படியேறி முட்டி தேய்ந்துவிட்டார். பொன்னுத்தாய்க்கு இதெல்லாம் தெரியாது, நாளைக்குக் கட்டப் போகிற சேலையைத் தேய்த்து வைத்திருக்கிறாள். பத்து. பூஜ்யம் போட்டுவிட்டால் என்ன? நீ போன பிறகு யார் உட்காரப் போகிறார்கள், யார் எண்ணப் போகிறார்கள், எண்ணாத கொசு இல்லாத கொசு, ஊர் சந்தோஷமாகக் குடைக்குக் கீழே இருக்கும். நான்கு நாள் காய்ச்சலுக்கு நான்கு நாள் பாராசிட்டமால் கொடுப்பார்கள், குளிர் போட்டு உதறினால் சிரிப்பார்கள், செத்தால் வெளியூர் என்பார்கள். அடுத்தது எந்தத் தெரு, மாதிரி வீடு எண் எட்டா, ஒன்பதா? ஒன்பதாம் எண்ணில் இரண்டு வயசில் இரட்டைப் பிள்ளைகள் இருக்கின்றன. தெரிந்தும் போடுவாயா? போன வருஷம் தெரியாமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடிகிறது, அவள் நெளிகிறது என்று சொன்ன பிறகும் தெரியாமல்தானா, சரி, தெரியாமல் என்றே வைத்துக்கொள், இந்த வருஷம் என்ன சொல்வாய்? பதினொன்று, பன்னிரண்டு. கால் மரத்துவிட்டது, எழுந்து உதற வேண்டும் போல இருந்தது, அசையாமல் இருந்தார். வாய்விட்டுக் கத்தினால் தேவலை என்றிருந்தது. திலகராசனைத் திட்டினார், ஆகவே எழுதினவனைத் திட்டினார், சிரித்த டாக்டரை, காப்பி குடித்த கூட்டத்தை, சிவந்த வானத்தைப் படம் பிடிக்கிற தெருவை, முதல் முட்டையைப் போடச் சொன்ன அந்தச் செத்துப்போன சீனியரைக்கூட விடவில்லை, எல்லாம் பல்லுக்கு உள்ளேயே. எல்லாரையும் திட்டிச் சுற்றி வந்தாலும் கடைசியில் நீல மையில் சாய்ந்த அந்தக் கையெழுத்தில்தான் வந்து நிற்கிறது. அவர்கள் எல்லாரும் ஒரு தாளை நம்பினார்கள். மேலே பார்க்கிறவன் பார்க்கட்டும், கீழே பார்க்கத்தானே உனக்குச் சம்பளம். மணி ஏழரை. திட்டிக்கொண்டே இன்னும் ஏழு பிடித்திருந்தார். சாக்கடைக் கொசுவையும் சேர்த்து எண்ணினார். பத்தொன்பது குழாய், அதில் பதினான்கு மலேரியாக் கொசு. மாடித் தொட்டியை ஏறிப் பார்க்கவே வேண்டியதில்லை. தாளை எடுத்து, தேதி போட்டு, மாதிரி வீடு எண் ஏழு என்று எழுதி, கட்டத்தில் 14 என்று போட்டார். எழுதியதைத் திரும்பப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் மே மாதக் கட்டத்தில் அவர் எழுதிய முதல் எண் அது.

மெஷின் நின்றது. கமாலுதீன் கழுத்தில் டேப்போடு உள்ளே வந்து விளக்கைப் போட்டான். இரண்டு வீட்டுக்கும் பழக்கம், பெருநாளைக்குப் பிரியாணி வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும். ஹாஜிரா அடக்கத்துக்கு இருளப்பன் கடைசி வரைக்கும் நின்றார், அதைக் கமாலுதீன் நாலு பேரிடம் நன்றியோடு சொல்லியிருக்கிறான். டம்ளரில் டீயை நீட்டினான். சட்டத்தில் வரிசையாக நின்ற குழாய்களைக் குனிந்து பார்த்தான்.

“இருக்கா அண்ணே?”

“இருக்கு தம்பி. பதினாலு.”

அவன் ஒரு குழாயைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டான்.

“அப்ப போன வருஷம் மட்டும் எப்புடி ஒண்ணுகூட இல்லாமப் போச்சு?”

இதற்கு ஆயிரம் பதில் சொல்லலாம். காற்று மாறியிருக்கலாம், மருந்து அடித்திருக்கலாம், கொசு வராத நேரமாகப் பார்த்து வந்திருக்கலாம். சொன்னால் நம்புவான், அண்ணன் என்று கூப்பிடுகிறவன். இருளப்பன் டீயைத் தரையில் வைத்தார். பேண்ட்டைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து அவன் கையில் கொடுத்தார்.

“போன வருஷம் மே மாசம் நான் வரவே இல்ல தம்பி. ஆபீஸ்ல உக்காந்து பூஜ்யம்னு எழுதுனேன். அந்தக் கையெழுத்து அந்தப் புள்ள போட்டதில்ல. நான் போட்டது.”

கமாலுதீன் விளக்குக்கு நேரே போய் நின்று வாசித்தான். மேலிருந்து கீழே வரை வாசித்தான், திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். கோடு போட்ட இடத்தில் பெருவிரலை வைத்து அப்படியே நின்றான். அடிப்பான் என்று இருளப்பன் நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவன் அடிக்கவில்லை. முன்னறைக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு, இதை வைத்துத்தானே வெளியூர் என்று எழுதினார்கள் என்று கேட்டான். இருளப்பன் ஆமாம் என்றார். எத்தனை வருஷமாக என்று கேட்டான். சொன்னார். இவளுக்கு முந்தி யார் பேரைப் போட்டாய் என்று கேட்டான். உங்க அம்மா பேரை என்றார். அவன் ‘அண்ணே’ என்பதை விட்டுவிட்டான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

புதுத் தாளை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். தையல் மேஜைக்குப் போய், பாவாடைத் துணியை ஒதுக்கிவிட்டு, பேனாவைத் திறந்து, பதினான்கு என்ற எண்ணுக்கு நேர் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினான், அவசரப்படாமல், பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுத்து எழுத்தாக. புதுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான். பழையதை மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

“நாளைக்கு எத்தன மணிக்கு மாலை போடுறாங்க?”

“மூணு மணிக்கு.”

“நானும் வாரேன்.”

மெஷினில் உட்கார்ந்து விளக்கை இழுத்து ஊசிக்கு நேராக வைத்தான். இருளப்பன் குழாய்ச் சட்டத்தைப் பையில் வைத்தார், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார், முக்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டார். பழைய தாளைத் திருப்பிக் கேட்கவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.